கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும்போது காசை எப்படிக் கொண்டுபோவது?

அம்மாவோடு முதற்தடவையாகச் சென்னை போகிறேன், கையில் காசு கொண்டுபோவதா, வங்கி அட்டை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும். ஆனால் இந்திய ரூபாவை மட்டும் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

எங்கள் அம்மா ஒவ்வொரு கோயில் பயணத்திலும் எஞ்சிய 500, 1000 ரூபாத் தாள்களை, அடுத்தமுறை ஆட்டோவுக்கு உதவும் என்று பிஸ்கட் தகரத்தில் போட்டு வைப்பார். 2016 நவம்பர் 8 இரவு அந்தத் தாள்கள் செல்லாது என்று இந்தியாவில் அறிவித்தார்கள். கொழும்பின் காலி வீதியில் நாங்கள் ஏறி இறங்கிய ஒரு நாணயமாற்றுக் கடையிலும் அவற்றை வாங்கவில்லை. தகரத்தைத் திறந்தால் இன்றும் அந்தத் தாள்களில் கற்பூரம் மணக்கிறது. அம்மா அவற்றை எறிய விடுவதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் காசு மாற்றுவதானால், மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் மாட்டியிருக்கும் கடைக்கே போங்கள். பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு இருக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் நட்டம். இலங்கை ரூபாவை டொலராக்கி, டொலரை மறுபடி இந்திய ரூபாவாக்கினால் அதை இரண்டு தடவை கொடுக்கிறீர்கள். வெளிநாட்டு உறவினர் தந்த டொலர் வீட்டில் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். கிழிசல், மைக்கறை இல்லாத தாளாகப் பார்த்து எடுங்கள்.

அட்டையில் ஒரு கண்ணி இருக்கிறது. தி. நகரில் சேலைக்குக் காசு கட்டும்போது, இலங்கை ரூபாவிலா இந்திய ரூபாவிலா என்று இயந்திரம் கேட்கலாம். நம் காசு பழக்கமானது என்பதால் விரல் தானாக அங்கே போகும். அதை அழுத்தினால் கடைக்காரரின் பக்கம் தன் இலாபத்தையும் சேர்த்து மாற்று விலையைப் போட்டுவிடும். எப்போதும் இந்திய ரூபாவையே தெரிவு செய்யுங்கள். ஏ.டி.எம்மிலும் இதே கேள்வி வரலாம்.

புறப்படுமுன் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வங்கியில் கேளுங்கள். இலங்கை சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் வந்து சேராது, ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள்.

தேநீர்க் கடையிலும் ஆட்டோவிலும் அங்கே எல்லோரும் கைப்பேசியில் காசு கட்டுகிறார்கள். எங்களிடம் அந்த வசதி இருக்கவில்லை, புதிய 500 ரூபாத் தாளை நீட்டினால் சில்லறையும் கிடைக்கவில்லை. மாற்றும்போதே 50, 100 ரூபாத் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். காசு மாற்றிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், எஞ்சியதைச் சென்னையிலேயே திருப்பி மாற்றும்போது கேட்டாலும் காட்டலாம்.