வாசகர் கேள்விகள்: பால் ஸ்கோஃபீல்டு

கேள்வி: 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' படத்தில் தாமஸ் மோராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் ஏன் நிறையப் படங்களில் இல்லை? (வாசகர், மதுரை)

பதில்: பால் ஸ்கோஃபீல்டு மேடை நடிகர். சினிமா அவருக்கு எப்போதாவது போய்வரும் ஊர். 1922-ல் பர்மிங்காமில் பிறந்து, அப்பா தலைமையாசிரியராக இருந்த சசெக்ஸ் கிராமத்தில் வளர்ந்தவர். கால்விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததால் போர்க்காலத்தில் ராணுவம் அவரைச் சேர்க்கவில்லை. 1945-ல் பர்மிங்காம் ரெப்பர்ட்டரி நாடகக் குழுவில் இளம் இயக்குநர் பீட்டர் புரூக்குடன் சேர்ந்தார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பணிய மறுத்த தாமஸ் மோர் வேடத்தை 1960-ல் லண்டன் மேடையிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் நடித்து, 1962-ல் அமெரிக்க நாடக விருதான டோனி வாங்கினார். 1966-ல் படமெடுத்தபோது அந்த வசனங்கள் அவருக்கு மூச்சு மாதிரி. படத்தில் அவர் பெரும்பாலும் குரல் உயர்த்தாமல் சமாளிப்பது அதனால்தான். ஆஸ்கர் விழாவுக்கு அவர் போகவில்லை. சக நடிகை வெண்டி ஹில்லர்தான் வாங்கிக்கொண்டார்.

கேள்வி: 'சர்' பட்டத்தை மறுத்தாராமே, திமிரா? (வாசகி, கோவை)

பதில்: திமிர் என்றால் எல்லாவற்றையும் மறுத்திருப்பார். 1956-ல் சி.பி.இ., 2001-ல் 'கம்பானியன் ஆஃப் ஹானர்' என்ற இரண்டு பிரிட்டிஷ் அரசு கௌரவங்களையும் ஏற்றார். அவை பெயருக்குப் பின்னால் எழுத்துகளாக நிற்பவை, கூப்பிடும் பெயரை மாற்றாதவை. 'சர்' மாற்றிவிடும். அது வேண்டாமென்று சாதாரண 'மிஸ்டர்' ஆகவே, 1943-ல் மணந்த நடிகை ஜாய் பார்க்கருடன், லண்டன்–பிரைட்டன் ரயில் பாதையிலுள்ள பால்கம் கிராமத்தில் வாழ்ந்தார்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' போடுகிறது. எண்பது வயசு ராஜா லியராக வருபவனுக்கு 21 வயசு. ஸ்கோஃபீல்டு எப்படிச் செய்தார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1962-ல் புரூக் இயக்கத்தில் லியராக நின்றபோது அவருக்கே 40 வயதுதான். நீண்ட வெள்ளைத் தாடி, அங்கி எதுவும் இல்லை. ஒட்ட வெட்டிய தலைமுடி, தோல் உடை, வெறும் மேடை, கூசும் வெளிச்சம். 'பாவம் கிழவர்' என்று நாம் இரங்குவதற்கு முன்னால், இவர் எவ்வளவு கடுமையான ராஜா என்று தெரிந்துவிடும்.

உங்கள் பையன் முதலில் செய்யப்போகும் தப்பு கூன் போட்டு, தொண்டையைக் கரகரக்க வைப்பது. கூனினால் வயிறு மடங்கி மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும். கரகரப்பு தொண்டையைத் தேய்க்கும். மூன்றாம் அங்கத்துப் புயல் காட்சிக்கு வரும்போது குரல் மிச்சமிருக்காது. முதுகு நேராக இருக்கட்டும். வயசை வேகத்தில் காட்டச் சொல்லுங்கள்: உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கையால் தொடுவது, உடம்பு முழுவதும் ஒரேயடியாகத் திரும்புவது, பதில் சொல்லுமுன் அரை நொடி தாமதிப்பது. கடைசிக் காட்சியில் இறந்த மகள் கார்டீலியாவைத் தூக்கி வரவேண்டும், அந்த வேடத்துக்கு எடை குறைந்த பெண்ணைப் பாருங்கள்!

இடிக்கு ஸ்பீக்கர் வேண்டாம். புரூக் பெரிய உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டு அதிரவைத்தார். நீங்கள் 8-க்கு 4 அடி, 24 கேஜ் ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஒன்று வாங்குங்கள். மேல் விளிம்பை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்து போல்ட் போட்டுத் தொங்கவிடுங்கள். வெறும் ஓட்டையில் கயிறு கட்டினால் ஆட்ட ஆட்டத் தகடு கிழியும். கீழ்விளிம்பைப் பிடித்து உலுக்க வேண்டும், அடிக்கக் கூடாது. தகடு தடித்தால் அலையாது. ரொம்ப மெலிந்தால் தகரக் கூரை மாதிரிப் படபடக்கும். உலுக்க வேண்டிய இடங்களைப் பிரதியில் சிவப்பில் குறித்து, வசன முடிவில் மட்டும் உலுக்குங்கள். வசனத்தின் மேலேயே இடி விழுந்தால் பையன் கத்துவான். கத்தினால் மறுபடி அதே தொண்டைப் பிரச்னை.

கேள்வி: இப்போது அவரை எதில் பார்க்கலாம்? (வாசகி, சேலம்)

பதில்: முதலில் மோர். பிறகு 1994-ன் 'குவிஸ் ஷோ', மகன் மோசடி செய்ததை அறியும் தகப்பனாக வருவார். அதன் பிறகு 1971-ன் கறுப்பு வெள்ளை 'லியர்'. அதிலிருந்து தொடங்காதீர்கள், பாதியில் எழுந்துவிடுவீர்கள். 1979-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'அமேடியஸ்' நாடகத்தில் அவர் முதலில் ஏற்ற இசையமைப்பாளர் சாலியேரி வேடத்தில் அவரைப் பார்க்க முடியாது. 1984-ல் வந்த படத்தில் அதை நடித்தவர் எஃப். முர்ரே ஆபிரகாம்.