ஒரு மாதமாகக் கல்லூரிக்குப் போகாத பெண்

அக்காவுக்கு வணக்கம். நான் முக்கூடல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் நம் சட்டசபையில் மசோதா நிறைவேற்றினார்கள். பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 வருசம் என்பதை 14 ஆக்கி என்ன பிரயோஜனம்? எல்லாவனையும் தூக்கில் போட்டால்தான் பயம் வரும். சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்று நீங்களும் எழுத வேண்டும். என் மகள் திருநெல்வேலியில் இரண்டாம் வருசம் படிக்கிறாள். ஜங்ஷன் பஸ்ஸில் ஒருத்தன் தினமும் பின்னாலேயே வருகிறான், வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடவில்லை என்றாள். எதுக்கு வம்பு என்று ஒரு மாதமாக அனுப்பவில்லை. காலம் அப்படி இருக்கிறது. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன.)

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அவன் இன்றைக்கும் அதே பஸ்ஸில் ஏறியிருப்பான். உங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். அவள் என்ன தப்புச் செய்தாள், தம்பி?

அவன் செய்வதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது, பின்தொடர்தல். 2013 வரை அது தனிக் குற்றமாகவே இல்லை. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 29 நாளில் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பிறகு வந்த திருத்தத்தில்தான் இந்தக் குற்றம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் பின்னால் போய்ப் பேசப் பார்த்தால் முதல் தடவை 3 ஆண்டு வரை சிறை, மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை. நம் மசோதா அதை 5, 7 என்று கூட்டியது. கூட்டியது சரிதான், நான் வரவேற்கிறேன்.

ஆனால் தூக்கு விஷயத்தில் உங்களோடு நான் இல்லை. வர்மா குழுவும் தூக்கு வேண்டாம் என்றுதான் சொன்னது. என் காரணம் நம் ஊர் வீடுகளுக்குள் இருக்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செய்தவன் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருசா வருசம் கணக்குக் காட்டுகிறது. சித்தப்பாவாக இருப்பான், பக்கத்து வீட்டு அண்ணனாக இருப்பான். வாயைத் திறந்தால் அவனுக்குத் தூக்கு என்று இருந்தால் அந்த வீட்டில் பிள்ளையைப் பேச விடுவார்களா? "குடும்பமே அழிஞ்சு போகும்டி" என்று பாட்டியே வந்து காலில் விழுவாள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நடந்தது ஒன்று சொல்கிறேன். அப்போது தென்காசி நம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1999 ஜூலை, குற்றால சீசன். பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்ட ஒரு போலீஸ்காரர் குடித்துவிட்டு, புருசனோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது புகார் கொடுத்த கணவனும் மனைவியும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாகிவிட்டார்கள். அவருக்கு விடுதலை. துறை விசாரணை தனியாக நடந்ததால் வேலை மட்டும் போனது. அந்த வேலைநீக்கம் சரியா தப்பா என்கிற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 நவம்பர் 30-இல் சரி என்று தீர்ப்பானது. டெல்லி சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு.

அந்தத் தீர்ப்பில் நாடு முழுக்கச் சில உத்தரவுகள் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டுகளில் சாதாரண உடையில் பெண் போலீஸ் நிற்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பிறந்த உத்தரவு இது. நம் ஊர் பஸ்ஸில் எத்தனை கண்டக்டருக்கு இது தெரியும்? "ஏம்மா, தள்ளி நில்லு" என்று அந்தப் பெண்ணைத்தான் இடம் மாறச் சொல்கிறார்கள்.

சாட்சி ஏன் பிறழ்கிறது? நான் ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண், ஜவுளிக் கடையில் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பும்போது ஒருவன் பின்னால் வந்தான். அவள் அம்மாவோடு நானும் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். எங்களைத் திட்டவில்லை, விரட்டவும் இல்லை. அன்பாகத்தான் பேசினார்கள். "பொம்பளப் பிள்ளை பேரு கெட்டுப்போகும், கூப்பிட்டு எழுதி வாங்கிட்டு விட்டுருவோம்" என்றார்கள். மனு ரசீது மட்டும் தந்தார்கள், எஃப்.ஐ.ஆர். இல்லை. இரண்டு தெருப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். மூன்றாவது வாரம் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். அவள் அம்மா அப்புறம் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்றால் இந்த இடத்தில்தான் வேண்டும் என்பேன். பாலியல் குற்றம் பற்றிய புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்று அதே சட்டத்தின் 199-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எந்தெந்தக் குற்றம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பின்தொடர்தலுக்கான 78 இல்லை. அதாவது உங்கள் மகளின் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவு அந்த அதிகாரியைத் தொடாது. அது மட்டும் இல்லை, மத்தியச் சட்டப்படி பின்தொடர்தல் முதல் தடவை என்றால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீனில் வந்தவன் அடுத்த நாள் அதே பஸ் ஸ்டாப்பில் நின்றால் அவள் என்ன செய்வாள்? தண்டனையில் இரண்டு வருசம் கூட்டினார்கள். இந்த 199-இல் 78 என்ற எண்ணையும் சேர்த்திருக்கலாம். பெரிய குற்றங்களில் சில பஸ்ஸில் பின்னால் வருவதில்தான் தொடங்குகின்றன. அங்கேயே பிடித்தால் தூக்குவரை பேச வேண்டியிருக்காது.

சரி, திங்கள்கிழமை என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில் மகளிடம் பேசுங்கள், புகார் கொடுக்க அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் என்ன தேதி, எந்த பஸ், என்ன நேரம், என்ன சொன்னான், வேண்டாம் என்று இவள் எப்படிச் சொன்னாள், எல்லாவற்றையும் அவள் கையால் எழுதட்டும். போனில் மெசேஜ் ஏதாவது இருந்தால் அழிக்க வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று சொல்ல முடியாது. அவள் சொல்வதைப் பெண் போலீஸ்தான் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பதிய மறுத்தால் அதையே எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

யாராவது "பேசி முடிச்சிருவோம்" என்று கடைக்கு வந்தால் நீங்கள் கல்லாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

அப்புறம், புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவளை நாளைக்கே காலேஜுக்கு அனுப்புங்கள். முதல் வாரம் நீங்களும் அந்த பஸ்ஸில் போங்கள், கடையை வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். காவல் நிலையத்துக்குத் துணை வேண்டும் என்றால் எழுதுங்கள், தம்பி. காலை பஸ்ஸில் முக்கூடலுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா