கவுன்சிலர் பதவியை தூக்கிப் போட்டா உள்ள இருக்கிற பையன் வெளிய வருவானா?

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். நாங்க குடியாத்தம். என் வீட்டுக்காரர் நகராட்சியில கவுன்சிலர். எங்க தெருவுல தறி ஓட்டுற வீட்டு பையன், 23 வயசு, அவனை போலீஸ் கூட்டினு போயி பத்து நாளைக்கு மேல ஆச்சு. முதல்ல குண்டாஸ்னாங்க, இப்போ தீவிரவாத சட்டம்னு பேசிக்கிறாங்க. இவரு சரியா தூங்கறதே இல்ல. லண்டன்ல ஒரு எம்.பி. இந்த மாதிரி சட்டத்தை எதிர்த்து பதவியை தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் நின்னு ஜெயிச்சாராமே, நானும் ராஜினாமா பண்றேன்னு லெட்டர் எழுதி பீரோவுல வச்சிருக்காரு. இதனால பையனுக்கு ஏதாச்சும் நல்லது நடக்குமா? இல்ல எங்க குடும்பம்தான் போலீஸ் கண்ணுல படுமா?

பதில்: லெட்டர் இப்போதைக்கு பீரோவுலயே இருக்கட்டும்மா. கிழிக்க சொல்லல, இருக்கட்டும். உங்க வீட்டுக்காரர் மனசு எனக்கு புரியுது, ஒரு கவுன்சிலர் தன் தெரு பையனுக்காக தூங்காம இருக்காருன்னு கேக்கவே எனக்கு கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா பையனுக்கு நாள் கணக்கு ஒண்ணு ஓடிக்கினு இருக்கு, அதை விட்டுட்டு ராஜினாமா கணக்கை பாத்தா ரெண்டும் போயிடும்.

முதல்ல அந்த லண்டன் கதையை முழுசா சொல்லிடறேன், ஏன்னா பாதி கதை கேட்டுட்டுதான் நிறைய பேர் உணர்ச்சிவசப்படறாங்க. அவர் பேரு டேவிட் டேவிஸ். சாதாரண எம்.பி. இல்ல, எதிர்க்கட்சியில உள்துறை விஷயங்களை பாத்துக்கிட்ட பெரிய தலை, அடுத்த ஆட்சி வந்தா அவர்தான் உள்துறை மந்திரின்னு பேச்சு. 2008ல அங்க ஆளுங்கட்சி ஒரு மசோதா கொண்டாந்துச்சு, தீவிரவாத சந்தேகத்துல பிடிச்ச ஆளை என்ன குற்றம்னு சாட்டாமலே 42 நாள் வரைக்கும் வச்சிருக்கலாம்னு. அப்போ அங்க உச்சவரம்பு 28 நாள். 2005ல 90 நாள் கேட்டு பாராளுமன்றத்துல தோத்துப் போயி, பேரம் பேசி 28ல நின்ன கதை அது. 2008 ஜூன் 11ஆம் தேதி ஓட்டெடுப்பு, 315க்கு 306, ஒம்பதே ஓட்டுல மசோதா ஜெயிச்சுடுச்சு. மறுநாளே இவரு எம்.பி. பதவியை விடறேன், என் தொகுதியிலேயே மறுபடி நிக்கிறேன், ஜனங்க இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்னு அறிவிச்சாரு.

ஜூலை 10 இடைத்தேர்தல். இங்கதான் விஷயமே இருக்கு. ஆளுங்கட்சி ஆளே நிறுத்தல. மூணாவது பெரிய கட்சியும் நிறுத்தல. 26 பேர் நின்னாங்க. நம்மாளு 72 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு, ஆனா ஓட்டுப் போட வந்தது வாக்காளர்ல மூணுல ஒரு பங்குதான். பத்திரிகைக்காரங்க பலபேர் இது வீம்புன்னு எழுதினாங்க. கட்சியிலயும் அவரோட இடம் வேற ஆளுக்குப் போயிடுச்சு, அப்புறம் 2010ல அதே கட்சி ஆட்சிக்கு வந்தப்பவும் அவர் மந்திரி ஆகல, 2016லதான் ஆனாரு. எட்டு வருஷம்!

சரி, சட்டம் என்ன ஆச்சு? 2008 அக்டோபர்ல மேல்சபையில 309க்கு 118ன்னு அந்த 42 நாளை அடிச்சு தூக்கிட்டாங்க, அரசாங்கமும் கைவிட்டுடுச்சு. 2011ல 28ம் போயி 14 நாள் ஆயிடுச்சு. அப்போ சட்டத்தை நிறுத்துனது ராஜினாமாவா மேல்சபையான்னு கேட்டா மேல்சபைதான். ராஜினாமா பண்ணது என்னன்னா, நாலு மாசம் டீக்கடையில கூட ஜனங்க அதை பேசற மாதிரி வச்சுது, மேல்சபைக்காரங்க துணிஞ்சு ஓட்டுப் போட அது கொஞ்சம் காத்தடிச்சுக் குடுத்திருக்கும்னு நான் நெனைக்கிறேன். இன்னொண்ணையும் கவனிங்க. அவர் உக்காந்திருந்த நாற்காலி அந்த சட்டத்தை செய்யற நாற்காலி. உள்ள நின்னு பேசி, ஓட்டுப் போட்டு, தோத்து, அதுக்கப்புறம்தான் எழுந்து வெளிய வந்தாரு. உங்க வீட்டுக்காரர் நாற்காலியில தெருவிளக்கு, குடிதண்ணி, கால்வாய்தான் தீர்மானம் ஆகும், தடுப்புக்காவல் சட்டம் இல்ல. அவர் விலகினா அந்த வார்டுல குழாய் ரிப்பேருக்கு கேக்க ஆள் இருக்காது, கலெக்டர் கையெழுத்துப் போட்ட ஆணையில ஒரு கமா கூட மாறாது.

நம்ம ஊர்லயே இந்த மாதிரி ஆளுங்க இருந்தாங்கம்மா, லண்டன் வரைக்கும் போகத் தேவையில்ல. அவசரநிலை சமயத்துல, 1976ல, மிசாங்கிற தடுப்புக்காவல் சட்டத்துல உள்ள போட்டா கோர்ட்டுக்குக் கூட வர உரிமை இல்லன்னு உச்ச நீதிமன்றத்துல நாலு நீதிபதி சொன்னாங்க, எச்.ஆர்.கன்னாங்கிற நீதிபதி ஒருத்தர் மட்டும் உரிமை உண்டுன்னு எழுதினாரு. மறுவருஷம் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராம அவரை விட ஜூனியருக்கு போச்சு, அப்போ ராஜினாமா பண்ணாரு. பாருங்க, தீர்ப்பை எழுதிட்டுத்தான் போனாரு. எழுதாம முன்னாடியே போயிருந்தா 2017ல உச்ச நீதிமன்றம் அந்த பழைய தீர்ப்பு தப்புன்னு சொல்லும்போது எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருந்திருக்காது. காமராஜரும் இதே நம்ம வேலூர் ஜெயில்ல, வெள்ளைக்காரன் போட்ட இந்திய பாதுகாப்பு விதியில, விசாரணை இல்லாம 1940-41ல இருந்தவர்தான். உள்ள இருக்கும்போதே விருதுநகர் நகராட்சியில அவரை பதவிக்கு தேர்ந்தெடுத்துட்டாங்க, வெளிய வந்து அதை வேணாம்னு விட்டுட்டாரு. அதுக்கு காரணம் வேற, முழுசா செய்ய முடியாத வேலையை வச்சுக்கக் கூடாதுன்னு. அவரையே 1954ல முதல்வர் ஆனப்போ இடைத்தேர்தல்ல ஜெயிக்க வச்சு அனுப்பினது உங்க குடியாத்தம்தானே, வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரியணுமா.

இப்போ பையன் விஷயம். அவன் மேல என்ன சட்டம்னு உங்களுக்கே தெரியல, அதுதான் எனக்கு கவலை. குண்டாஸ் வேற, உபா (நீங்க சொன்ன தீவிரவாத சட்டம், UAPA) வேற, ரெண்டுக்கும் வழி வேற வேற, பேச்சுல எல்லாத்தையும் ஒரே பையில போட்டுடறாங்க.

குண்டாஸ்னா 1982ஆம் வருஷத்து தமிழ்நாடு சட்டம். சாராயம், கஞ்சா, மணல், ரவுடி, சைபர் குற்றம் இப்படி ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல தீவிரவாதம் கிடையாது. இது தண்டனை இல்ல, இனிமே பண்ணிடுவான்னு பயந்து முன்னாடியே போடற பூட்டு. நம்ம மாவட்டத்துல கலெக்டர் ஆணை போடுவாரு, பெரும்பாலும் பையன் ஏற்கெனவே வேற ஒரு கேஸ்ல தொரப்பாடி ஜெயில்ல இருக்கும்போதே வந்து குடுப்பாங்க. அதிகபட்சம் 12 மாசம். ஆணை போட்ட 12 நாள்ல மாநில அரசு ஒப்புதல் குடுக்கணும், மூணு வாரத்துல அறிவுரைக் குழுமத்துக்கு, அதாவது பூட்டு சரியான்னு பாத்து சொல்ற குழுவுக்கு, அனுப்பணும், குழுமம் ஏழு வாரத்துக்குள்ள சொல்லணும். ஏன் பிடிச்சோம்ங்கிற காரணத்தை ஒரு புக்கு மாதிரி கட்டி பையன் கையில குடுப்பாங்க. அதைப் படிச்சு உடனே மனு போடணும், கலெக்டருக்கு ஒண்ணு, சென்னையில உள்துறை செயலாளருக்கு ஒண்ணு, குழுமத்துக்கு ஒண்ணு. இந்த மனுவுக்கு பதில் சொல்ல அரசு சும்மா இழுத்தடிச்சா அதுவே ஹைகோர்ட்ல ஆணையை உடைக்கிற காரணம். ஆட்கொணர்வு மனு சென்னை ஹைகோர்ட்லதான் போடணும். அங்க கலெக்டர் ஆணை நிறைய உடைஞ்சிருக்கு, பெரும்பாலும் இந்த மாதிரி தாமதத்துலயும் நகல் கோளாறுலயும்தான், பையன் நல்லவனா கெட்டவனாங்கிற பேச்சே வர்றதில்ல. சாதாரண சட்டமே போதும்ங்கிற இடத்துல இந்த பூட்டைப் போடக்கூடாதுன்னு 2011ல உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு குண்டாஸ் கேஸ் ஒண்ணுலயே சொல்லியிருக்கு.

குழுமத்து முன்னாடி வக்கீல் வரக்கூடாதும்மா. ஆனா வக்கீல் இல்லாத ஒரு நண்பரை பையன் துணைக்கு கேக்கலாம்னு தேசிய பாதுகாப்பு சட்ட (என்எஸ்ஏ) வழக்குல 1981லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. உங்க வீட்டுக்காரருக்கு நான் வச்சிருக்கிற வேலை இதுதான். பையனை சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச, கூச்சமில்லாம நாலு வார்த்தை பேசத் தெரிஞ்ச ஆள் வேணும். லெட்டர்பேடுல, இந்த குடும்பம் இத்தனை வருஷமா இங்க இருக்கு, பையன் தறிக்கு போறான், அம்மாவுக்கு இவன்தான் ஆதாரம்னு தனக்கு நேர்ல தெரிஞ்சதை மட்டும் எழுதிக் குடுக்கட்டும். குற்றமற்றவன்னு சர்டிபிகேட் குடுக்க வேணாம், அது கோர்ட் வேலை.

உபான்னா கதையே மாறுது. அது 1967ஆம் வருஷத்து மத்திய சட்டம், 2008ல மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் இறுக்கினாங்க. சாதாரண கேஸ்ல 60 நாள் இல்லன்னா 90 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை வரலைன்னா ஜாமீன் உரிமையா கிடைக்கும், உபாவுல கோர்ட் அனுமதிச்சா அது 180 நாள் வரைக்கும் போகும். அங்க 42ன்னு சொன்னதுக்கே ஒரு ஆள் பதவியை விட்டாரு. அங்க குற்றம் சாட்டறதும் இங்க குற்றப்பத்திரிகையும் அச்சா ஒண்ணு இல்லதான், இங்க எஃப்ஐஆர்லயே பிரிவு தெரிஞ்சுடும், இருந்தாலும் உள்ள உக்காந்து எண்ணுற பையனுக்கு நாள் நாள்தானே. அந்த நாளை நீங்களும் வெளிய எண்ணணும். முதல் ரிமாண்ட் நாளையும் சேத்து எண்ணணும்னு 2023ல தீர்ப்பு இருக்கு. கெடு முடிஞ்ச அன்னிக்கு காலையில மனு ரெடியா இருக்கணும், மனு போடறதுக்கு முன்ன குற்றப்பத்திரிகை வந்துட்டா அந்த உரிமை போச்சு. மத்தபடி ஜாமீன் கேட்டா, போலீஸ் சொல்றது மேலோட்டமா உண்மை மாதிரி தெரிஞ்சாலே கோர்ட் குடுக்க முடியாதுங்கிற மாதிரி பிரிவு இருக்கு, வருஷக்கணக்கா விசாரணை நகராம இருந்தா மட்டும் ஹைகோர்ட் குடுக்கலாம்னு 2021ல கதவு கொஞ்சம் திறந்துச்சு.

இன்னொரு விஷயம், இதை ஸ்டேஷனாண்ட யாரும் சொல்ல மாட்டாங்க. 2024 ஜூலைலேர்ந்து வந்த புது குற்றச் சட்டத்துலயும் தீவிரவாதம்னு ஒரு பிரிவு, 113, இருக்கு. அதுல கேஸ் போடறதா உபாவுல போடறதான்னு எஸ்.பி. அந்தஸ்துல இருக்கிற அதிகாரி முடிவு பண்ணணும். 113 மட்டும்னா உபாவோட அந்த ஜாமீன் முட்டுக்கட்டையும் 180 நாளும் தானா ஒட்டாது. அதனாலதான் எஃப்ஐஆர்ல எந்த பிரிவுன்னு பாக்காம ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்கன்றேன். எஃப்ஐஆரை நெட்ல தேடிப் பாத்து காணோம்னா பயப்படாதீங்க, தீவிரவாத கேஸை அதுல ஏத்த வேணாம்னு விலக்கு இருக்கு, கோர்ட்ல காப்பி கேட்டு வாங்கணும். கைது காரணத்தை எழுத்துல குடுத்தாங்களான்னும் ஜெயில்ல பையனை மனு போட்டு பாக்கும்போது கேளுங்க, அதை எழுத்துலதான் குடுக்கணும்னு 2024 மே மாசம் உபா கேஸ்லயே உச்ச நீதிமன்றம் சொல்லி அந்த ஆளை விடச் சொல்லுச்சு.

உங்க குடும்பம் போலீஸ் கண்ணுல படுமான்னு கேட்டீங்க. ராஜினாமா பண்றது குற்றம் இல்ல, சட்டம் கொடுமைன்னு மேடையில பேசறதும் குற்றம் இல்ல. ஆனா வாயை கொஞ்சம் அளந்து திறக்கணும். 2002ல வைகோ திருமங்கலத்துல பேசின பேச்சுக்கு பொடாங்கிற அப்போதைய தீவிரவாத தடுப்புச் சட்டத்துல பிடிச்சு இதே வேலூர் ஜெயில்ல 19 மாசம் வச்சிருந்தாங்க, அப்போ அவர் எம்.பி., அந்த சட்டத்தை கொண்டாந்த டெல்லி கூட்டணியில அவர் கட்சியும் இருந்துச்சு, அதுதான் வேடிக்கை. தீவிரவாதத்துக்கு உதவுற நோக்கம் இல்லாத வெறும் பேச்சு குற்றம் ஆகாதுங்கிற மாதிரி 2003 டிசம்பர்ல தீர்ப்பு வந்து, 2004 பிப்ரவரியிலதான் வெளிய வந்தாரு. தீர்ப்பு நல்லாத்தான் வந்துச்சு, ஆனா அதுக்குள்ள ஒண்ணரை வருஷம் மேல போயிடுச்சே. அதனால தடை பண்ண எந்த அமைப்போட பேரும் கொடியும் உங்க வாசல் பக்கம் வரக்கூடாது, பையனோட போன்ல என்ன இருந்துச்சுன்னு வாட்ஸப்ல யாரும் எழுதக்கூடாது, சாட்சின்னு போலீஸ் எழுதினவங்க வீட்டுக்கு வீட்டுக்காரர் சமாதானம் பேச போகவே கூடாது. இந்த கடைசி ஒண்ணுதான் கவுன்சிலருங்க வழக்கமா மாட்டற இடம், நல்ல மனசோட போயி சாட்சியை மிரட்டினாருன்னு கேஸ் வாங்கிக்கினு வருவாங்க.

எல்லாம் முடிஞ்சு, மனுவெல்லாம் போட்டு, கோர்ட்லயும் ஒரு கட்டம் தாண்டின பிறகும் அவருக்கு அந்த லெட்டர் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். அப்போ கூட நகராட்சிக் கூட்டத்துல எழுந்து நின்னு காரணத்தை சொல்லி குறிப்புல ஏத்த சொல்லிட்டு குடுக்கணும். அதே வார்டுல மறுபடி நின்னு இதை மட்டும் சொல்லி ஓட்டு கேக்கற தைரியம் இருக்கணும், உடம்பு சரியில்லன்னு எழுதிட்டு போறதா இருந்தா வேணாம்.

பையனோட அம்மாகிட்ட காசு இல்லன்னா கவலையில்ல, ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு இலவச வக்கீல் சட்டப்படி உண்டு. குடியாத்தம் கோர்ட்லயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு, இல்லன்னா சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட ஆணைக்குழு ஆபீஸ். திங்கக்கிழமை காலையிலயே அந்த அம்மாவை கூட்டினு போங்க, ஆதார் கார்டு எடுத்துக்கோங்க. குண்டாஸ் ஆணைதான்னா அந்த புக்கை அப்படியே கொண்டாங்க, பின்னை கழட்டி தனித்தனியா பிரிக்காதீங்க, பக்க நம்பர் கலைஞ்சுடும். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உக்காந்து எந்தப் பக்கம் எழுத்து தெரியாம மங்கலா இருக்கு, எந்தப் பக்கம் இங்கிலீஷ்ல மட்டும் இருந்து தமிழ் போடாம விட்டிருக்காங்கன்னு தனியா ஒரு பேப்பர்ல நம்பர் போட்டு எழுதி வைங்க. உங்க வீட்டுக்காரர்தான் தூங்கறதில்லயே, அவர்கிட்டயே குடுத்துடுங்க அந்த வேலையை.