வசதி இருந்தும் சிலர் வேலைக்கு சைக்கிளில் செல்வது ஏன்?

ஸ்கூட்டர் வாங்க வசதி உள்ளவர்கள்கூட, மதுரை போன்ற வெயிலும் நெரிசலும் மிகுந்த ஊரில் எதற்காக சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகம் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் என்றும், சைக்கிளில் போய்வரத் தொடங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருப்பவள்; மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரத்தை ஆறு ஆண்டுகளாக சைக்கிளில்தான் கடந்து வருகிறேன் என்பதால், என் காரணங்களைச் சொல்கிறேன்.

பணத்தை மிச்சப்படுத்தத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. போகவர 18 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் 450 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு 10 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு எரிபொருளுக்கு மட்டுமே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஆனால் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், நான் நினைத்தால் ஒரு பைசா செலவில்லாமல் வேலைக்குப் போய்வர முடியும். ஆகவே என்னைப் பணக் கணக்கில் சேர்க்க முடியாது.

என் முதல் காரணம் நேரம். வேகத்தைச் சொல்லவில்லை, ஸ்கூட்டர் என்னைவிட விரைவாகவே போய்ச் சேரும். காலை 8.30-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் 9.10-க்குக் கடை வாசலில் இருப்பேன் என்று முந்தின நாள் இரவே என்னால் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிது. பேருந்து ஒரு நாள் நான் நிறுத்தத்துக்கு வந்ததுமே வந்துவிடும். இன்னொரு நாள் அரைமணி நேரம் காக்க வைத்துவிட்டு, படிக்கட்டு வரை ஆள் தொங்கும்படி வரும். அதில் ஏறிய பிறகும் காளவாசலில் எவ்வளவு நேரம், அரசரடியில் எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஸ்கூட்டரில் வரும் என் உடன் வேலை பார்ப்பவர்களோ, சரக்கு இறக்கும் லாரிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் வண்டியை நிறுத்த ஓரிடம் கிடைக்காமல், கடைசி இருநூறு மீட்டரில்தான் நேரத்தையெல்லாம் இழக்கிறார்கள். சைக்கிளைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் சுவரோரமாக நிறுத்திப் பூட்டினால் போதும். சித்திரைத் திருவிழாவில் சாமி மாசி வீதிகளை வலம் வரும் நாட்களில் வண்டிகளை வெளியிலேயே தடுத்துவிடுவார்கள் அல்லவா, அப்போதும் நான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, கூட்டத்தில் ஆளோடு ஆளாகச் சந்து வழியே போய்ச் சேர்ந்துவிடுவேன். வேறு எந்த வண்டியையும் இப்படி வேண்டும்போது ஓட்டி, வேண்டாதபோது கூட நடத்திக்கொண்டு போக முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் காளவாசல் சிக்னலில் என்னோடு நிற்கும் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் எதையும் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். ஹேண்டில் பாரில் தூக்குவாளியும் கேரியரில் சட்டியும் கரண்டியுமாகப் போகும் கொத்தனார், பெயின்ட் வாளியும் பிரஷ்ஷுமாகப் போகிறவர், இரவுக் காவல் முடிந்து எதிர்த்திசையில் வீடு திரும்பும் பெரியவர் ஆகியோருக்கு இது ஒன்றே வழி. அந்தக் காவலாளிப் பெரியவரிடம் ஒருநாள் டீக்கடையில் கேட்டபோது, “மாத்துற ஆளு வந்த ஒடனே கெளம்பிருவேன் தாயி, பஸ்ஸ எதிர்பாத்தா இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆயிரும்” என்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோரில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் சைக்கிளில்தான் போனார்கள். வசதி இருந்தும் ஏன் என்ற கேள்விக்கு, வசதி இல்லாமல் ஓட்டும் இவர்களையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். சாலையின் இடது ஓரத்தில் மணலைக் கூட்டி, சாக்கடை மூடியைச் சமமாகப் போட்டால் முதலில் பயனடைகிறவர்கள் இவர்களே.

என் இரண்டாவது காரணம் என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா பிறந்தது உண்மையான புதுக்கோட்டையில், அதாவது நாகமலையைச் சேராத அந்த மாவட்டத்தில். 1991-ல் அங்கே எழுத்தறிவு கற்பிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். அம்மாவுக்கு அதுதான் பிடித்தும் இருந்தது, ஏனென்றால் முன்னால் இருக்கும் பாரில் என்னை உட்கார வைத்து, பின்னால் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு போக முடிந்தது. அண்ணன் வந்து கூட்டிப்போகட்டும், அப்பா வந்து இறக்கிவிடட்டும் என்று காத்திருந்த காலம் அந்த ஒரு கோடையோடு முடிந்தது என்று அம்மா இன்றும் சொல்வார். நான் பிளஸ் ஒன் சேர்ந்த 2005-06 கல்வியாண்டில்தான் அரசின் விலையில்லா சைக்கிள் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் என்று விரிவாக்கப்பட்டது. பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்ற சைக்கிள்களில் என்னுடையதைத் தொட்டபோது இருந்த அதே உணர்வு, கடையை முடித்து மாலையில் பூட்டைத் திறக்கும்போது இப்போதும் எனக்கு வருகிறது. யாரையும் எதிர்பார்க்காமல், நான் கிளம்புகிற நேரத்தில் கிளம்புகிறேன்.

உடம்புக்கு நல்லதா என்றால் நல்லதுதான், அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனக்கு அது இரண்டு நாட்களிலேயே கிடைத்துவிடுகிறது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் மரண அபாயம் கார், பேருந்தில் போகிறவர்களைவிட 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அது பிரிட்டன் மக்களைப் பற்றியது, அதுவும் ஒரு தொடர்பைக் காட்டுவதே தவிர நிரூபணம் ஆகாது என்பதால், அந்த எண்ணை அப்படியே நம் சாலைகளுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

சிரமங்களும் உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் 7.30-க்கே கிளம்பிவிடுவேன், ஐப்பசி மழையில் பேருந்தில்தான் போகிறேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆடி மாதத்தில் மேல்காற்று காலையில் முதுகைத் தள்ளிக்கொண்டுவந்து ஊருக்குள் விட்டுவிடும். மாலையில் விராட்டிபத்தைத் தாண்டியதும் அதே காற்று நெஞ்சில் மோதும், அப்போது நாற்பது நிமிடம் ஐம்பதாகும். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ‘சைக்கிளுக்கெல்லாம் இங்கே இடமில்லை’ என்று ஸ்டாண்டிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் காற்றைவிட அதிகமாக வலித்தது.

பஞ்சருக்கு எங்கள் பக்கத்தில் முக்கியக் காரணம் சீமைக் கருவேல முள். எங்கள் சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி, குமிழி வரும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டியதும் மாட்டிவிட மாட்டார். டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். முள்ளின் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே இருக்கும், அதைப் பிடுங்காமல் மாட்டினால் மறுநாளும் காற்று இறங்கிவிடும். ஒருமுறை அவர் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்த முனை ஓர் அரிசி நொய்யளவுகூட இல்லை.

உங்களுக்கு ஏழு கிலோமீட்டர் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதே பாதையில் ஒருமுறை போய்வந்து, எந்த இடத்தில் சாலையோரம் உடைந்திருக்கிறது, எந்தச் சந்து வழியாகப் பெரிய சந்திப்பைத் தவிர்க்கலாம் என்று பாருங்கள். துப்பட்டாவோ சேலையோ உடுத்துபவராக இருந்தால் முழு செயின் கவர் உள்ள வண்டியாக எடுங்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். என் துப்பட்டா ஒருமுறை அரசரடியில் செயினில் சிக்கியது, நல்லவேளையாகப் பின்னால் வண்டி எதுவும் இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். சீட்டு உயரத்தைக் கடைக்காரர் வைத்துக் கொடுத்தபடியே விட்டுவிடாதீர்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தாழ்வாகவே வைத்து ஓட்டுகிறார்கள், முதல் வாரத்திலேயே முழங்கால் வலி வருவதற்கு அதுதான் காரணம்.