இறக்கத்தில் எந்த கியர்? வாசகர் கேள்விகளுக்கு ஒரு பஸ் டிரைவரின் பதில்கள்

31 வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். 2025 ஜூலையில் நானும் மனைவியும் மகளும் மாப்பிள்ளையுமாக நாலு பேர், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு ஆர்.வி. வண்டியை (படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் என்று மூன்று தேசியப் பூங்காக்களைச் சுற்றி வந்தோம். 14 நாள். அதைப் பற்றி முன்பு இங்கே எழுதியதற்கு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. இடம் போதாததால் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இந்தக் கோடையில் ஆர்.வி. வண்டியில் மலைப்பக்கம் போகலாம் என்கிறான். என் மனைவிக்கு மூட்டுவலி. வண்டிக்குள் படுத்துத் தூங்கி, அதிலேயே குளித்து, அதிலேயே சமைத்து... எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒத்துவருமா?
*வாசகர், பண்ருட்டி*

ஒத்துவரும் ஐயா. ஆனால் வண்டியைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் எடுத்தது 25 அடி நீளம். முன்னால் வேன் முகம், பின்னால் ஒரு சின்ன வீடு. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை இருக்கும், அதற்கு ஏணி வைத்து ஏற வேண்டும். அது மகனுக்கும் மருமகளுக்கும். பின்பக்கத்துப் படுக்கையை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் அந்தப் படுக்கை ஒரு மூலையில் சுவரோடு ஒட்டியிருக்கும், உள்ளே படுத்தவர் ராத்திரி எழுந்தால் வெளியே படுத்தவரைத் தாண்டித்தான் வரவேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது பெரிய தொல்லை. இரண்டு பக்கமும் இறங்க வழி இருக்கிறதா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாசல்படி உயரம். என் மனைவிக்காக முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிக் கீழே போட்டோம், 14 நாளும் அதுதான் உதவியது.

தண்ணீர் விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் சுமார் 150 லிட்டர். நம் கணக்கில் பத்து குடம். நாலு பேருக்கு அது ஒன்றரை நாள் வந்தது, அதுவும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தால். குளித்த தண்ணீர் ஒரு டேங்கில் சேரும், கக்கூஸ் தண்ணீர் வேறொரு டேங்கில் சேரும். இரண்டையும் அதற்கென்று இருக்கும் இடத்தில் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். முதலில் கக்கூஸ் டேங்க், அப்புறம் குளியல் டேங்க். அப்போதுதான் குழாய் கழுவிக்கொண்டு போகும். கையுறை கட்டாயம். மாப்பிள்ளை தயங்கினார், நான் செய்தேன். அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொன்று. நம் ஊர் கடல் மட்டத்தில் இருக்கிறது. யெல்லோஸ்டோன் ஏரிக்கரையே 2,357 மீட்டர் உயரம், ஊட்டியை விட மேலே. என் மனைவிக்கு முதல் இரண்டு ராத்திரியும் தலைவலி. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போன அன்றே நிறைய நடக்காதீர்கள். ஜூலையிலும் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

அண்ணா, நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். அங்கே மலைப்பாதை நம் ஏற்காடு மாதிரிதானா? அவ்வளவு பெரிய வண்டியை ஆட்டோமேட்டிக் கியரில் எப்படி இறக்குகிறார்கள்?
*வாசகர், கோண்டூர், கடலூர்*

தம்பி, இத்தனை கடிதங்களில் உன் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சேலத்தில் வேலை பார்த்த ஆறு வருஷம் நான் ஏற்காடு வண்டி ஓட்டினேன். 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் டிரைவரின் பாடத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

யெல்லோஸ்டோனின் வடகிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் பேர்டூத் நெடுஞ்சாலை. 1936-இல் திறந்த ரோடு. உச்சி 3,337 மீட்டர், ஏற்காட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜூலையிலும் ரோட்டோரம் பனி கிடந்தது. அந்த உயரத்தில் காற்று நம் ஊர்க் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான். நமக்கு மூச்சு வாங்குவது போலவே பெட்ரோல் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் ஏறும். அதற்காகக் கவலைப்படாதே, ஓரமாக ஒதுங்கிப் பின்னால் வரும் கார்களை விட்டுவிட்டால் போதும்.

ஏறியது மாப்பிள்ளை. இறங்கியதும் அவர்தான். நல்ல பிள்ளை, நிதானமானவர், ஆனால் பழகியதெல்லாம் கார். எங்கள் வண்டி முழுச் சுமையோடு சுமார் 5.5 டன். ரெட் லாட்ஜ் ஊரைப் பார்த்து இறங்கும்போது பிரேக்கில் வைத்த காலை அவர் எடுக்கவே இல்லை. மெதுவாகத்தான் போனார். அதுதான் ஏமாற்றும், மெதுவாகப் போனால் பத்திரம் என்று தோன்றும். நாலாவது வளைவிலேயே எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. கருகிய ரப்பரும் சூடேறிய இரும்பும் சேர்ந்த வாசனை, ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். "மாப்ள, ஓரங்கட்டுங்க" என்றேன். காரணம் கேட்காமல் ஓரங்கட்டினார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனேன். தொடவில்லை, ஒரு ஜாண் தள்ளி இருக்கும்போதே அனல் அடித்தது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு 40 நிமிஷம் நின்றோம். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற்றலாம் என்று மகள் சொன்னாள். ஊற்றக்கூடாது, சூட்டில் இருக்கும் டிஸ்க் விரிசல் விடும். தானாகத்தான் ஆற வேண்டும்.

அப்புறம் நான் உட்கார்ந்தேன். இங்கேயே இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், வாடகைக் கம்பெனியில் இரண்டாவது டிரைவராக என் பெயரையும் சேர்த்திருந்தோம். ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் கியர் தண்டின் முனையில் ஒரு பட்டன் இருந்தது. பாரம் இழுப்பதற்கான பட்டன். அதை அழுத்திவிட்டுப் பிரேக்கை ஒரு தட்டு தட்டினால் வண்டி தானே கீழ் கியருக்கு வந்து எஞ்சினால் பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் உறுமும். பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். உறுமட்டும், அது எஞ்சின் வேலை செய்கிற சத்தம். பிரேக்கை நன்றாக ஒரு அழுத்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி ஒரு அழுத்து. அவ்வளவுதான், மீதி இறக்கம் முழுக்க வாசனையே வரவில்லை.

வளைவில் ஒன்று கவனி. பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி ரொம்ப நீளம். இந்தப் பக்கம் ஒடித்தால் அந்தப் பக்கம் வால் வெளியே வீசும். நம் பஸ்ஸிலும் அப்படித்தான், ஆனால் வேன்காரருக்குப் பழக்கம் இருக்காது. வலது பக்கப் போக்குவரத்து உனக்கு அரை நாளில் பழகிவிடும்.

நாங்கள் சைவம். மூன்று வேளையும் வண்டியிலேயே சமைக்க முடியுமா? என்னென்ன கொண்டுபோகலாம்?
*வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி*

இதற்கு என் மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் அம்மா.

குக்கர் இல்லாமல் போகவே கூடாது. யெல்லோஸ்டோனில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பார்த்தால் தளதளவென்று கொதிக்கும், துவரம்பருப்பு மட்டும் வேகாது. முதல் நாள் திறந்த பாத்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் வைத்தும் பருப்பு நறுக்கென்றே இருந்தது. குக்கரில் வைத்ததும் சரியாகிவிட்டது, வழக்கத்தை விட இரண்டு விசில் கூட.

நம் மிக்ஸி அங்கே வேலைக்கு ஆகாது. அங்கே கரண்ட் 120 வோல்ட், நம் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது, முனகிக்கொண்டு சுற்றும். பொடிகளாகக் கொண்டுபோங்கள். பருப்புப்பொடி, புளியோதரைப் பொடி, ரசப்பொடி. பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று விமான நிலையத்தில் அனுமதிப்பதில்லை. மற்ற சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் கேட்கும் படிவத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்கவில்லை. மூன்றாவது நாள் அதையே மெலிசாகத் தோசை வார்த்தோம்.

பெயர்க் குழப்பம் ஒன்று: அங்கே "கேஸ்" என்றால் பெட்ரோல். அடுப்புக்கு எரிவது புரோப்பேன். மைக்ரோவேவையும் ஏ.சி.யையும் ஒரே நேரத்தில் போட்டால் கரண்ட் டிரிப் ஆகிவிடும், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் போடுங்கள். எங்கள் முகாமில் ராத்திரி 8 மணிக்கு மேல் ஜெனரேட்டர் போடக்கூடாது, அதனால் சமையலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுவோம்.

இன்னொன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். சாதம் வடித்த கஞ்சியை வாசலில் கொட்டுவது, தட்டை வெளியே கழுவுவது, மிச்சத்தைக் காக்கைக்கு வைப்பது, எதுவும் கூடாது. வாசனைக்குக் கரடி வரும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது. நாங்கள் தங்கிய ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிக் கூடாரத்துக்கே அனுமதி இல்லை, கெட்டியான சுவருள்ள வண்டிகள் மட்டும்தான். காரணம் கரடி.

செலவு, டிக்கெட், முன்பதிவு பற்றிச் சொல்லவும்.
*வாசகர், நெல்லிக்குப்பம்*

எங்கள் கணக்கு இப்போது செல்லாது. 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டுப் பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் போனால் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர் உள்ளிட்ட 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். மூத்தவர்களுக்கான சலுகைப் பாஸ் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான், நமக்குக் கிடையாது. வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கூடத் தரவில்லை, பெட்ரோலுக்கு அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஜூலையில் தங்க முகாம் இடங்களைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கும் முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

தாத்தா, கரடியைப் பார்த்தீர்களா? எரிமலையைப் பார்த்தீர்களா?
*8-ஆம் வகுப்பு மாணவி, கடலூர் முதுநகர்*

பார்த்தேன் கண்ணு. கரடியை லமார் பள்ளத்தாக்கில், ஒருவர் வைத்திருந்த தொலைநோக்கி வழியாக. பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி அசைந்தது, அது தலையைத் தூக்கியபோதுதான் கரடி என்று தெரிந்தது. கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். காட்டெருமை மாதிரி இருக்கும் பைசனுக்கு 23 மீட்டர். ஆனால் பைசனுக்கு அந்தச் சட்டம் தெரியாது, ரோட்டில் எங்கள் வண்டியை உரசுவது போலவே நடந்து போனது. கண்ணாடி வழியாக அதன் கண்ணைப் பார்த்தேன். உதிராத பழைய ரோமம் தோளில் கம்பளித் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. 900 கிலோ வரை இருக்கும். ஆனாலும் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதனால் யாரும் கிட்டே போகக்கூடாது.

யெல்லோஸ்டோன் பூங்காவின் ஒரு பெரிய பகுதி எரிமலை மேல்தான் இருக்கிறது. 1872-இல் ஆரம்பித்தது, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீறிட்டு 30 மீட்டருக்கு மேல் எழும்பும். இன்னொரு குளம் இருக்கிறது, கிராண்ட் பிரிஸ்மாட்டிக். நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள், ஆரஞ்சு. அந்த ஓர நிறமெல்லாம் சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் மகள் சொன்னாள்: 1960-களில் இந்தப் பூங்காவின் வெந்நீரில் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த நொதியை வைத்துத்தான் பி.சி.ஆர். பரிசோதனை வளர்ந்ததாம். கொரோனா சமயத்தில் உன் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனை.

ஒரு டிரைவராக உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?
*வாசகர், வில்லியனூர்*

கிளேசியர் பூங்காவின் கோயிங் டு த சன் ரோடு. அதன் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை விடுவதில்லை, எங்களுடையது 25. அதனால் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அங்கே ஓடும் சிவப்பு பஸ்ஸில் போனோம். 1936-லிருந்து 1939 வரை செய்த பஸ்கள், 33 இருக்கின்றன. மேலே கேன்வாஸ் கூரை, சுருட்டிவிடுவார்கள். உள்ளே எஞ்சினெல்லாம் மாற்றிவிட்டார்கள், உடம்பு பழையது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கதவு. அந்த டிரைவர்களுக்கு "ஜாமர்" என்று பெயர். பழைய நாளில் கியர் மாற்றும்போது கடமுடவென்று வந்த சத்தத்தால் ஒட்டிக்கொண்ட பெயராம். அதைக் கேட்டதும் நான் முதலில் ஓட்டிய பஸ்ஸின் கியர் தண்டு ஞாபகம் வந்தது. டபுள் கிளட்ச் போடாவிட்டால், அதாவது ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு தடவை மிதிக்காவிட்டால், அதுவும் அப்படித்தான் கத்தும்.

அந்த ரோட்டின் உச்சியான லோகன் பாஸில் எங்கள் பஸ் டிரைவர் பையனிடம் மகள் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவன் கதவைத் திறந்து என்னை அவன் சீட்டில் உட்காரச் சொன்னான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பஸ் ஸ்டியரிங்கைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அமெரிக்கா போக வசதி இல்லை. இந்த மாதிரி நம் மலைகளில் போக முடியாதா?
*வாசகர், குறிஞ்சிப்பாடி*

ஏன் முடியாது? ஒரு வேன், ஒரு ஸ்டவ், இரண்டு பாய் போதும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் பதிவு செய்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்க ஆசைப்படாதீர்கள், 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. பிரேக் சூடாகி எத்தனையோ வண்டிகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. எங்களுக்குப் பேர்டூத்தில் நடந்ததும் அதே விஷயம்தான், நேரத்துக்கு ஓரங்கட்டினோம்.

கூட்டம் இல்லாத இடம் வேண்டுமென்றால் கொல்லிமலை போங்கள். 70 வளைவு. அடிவாரம் காரவள்ளியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, டயர் காற்றையும் பிரேக் ஆயிலையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போதும் பாதி வழியில் ஒரு முறை நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.