ஸ்பிண்டில் சுழன்றதும் யூஎஸ்பி தொடர்பு அறுகிறது: லேப்டாப் தப்புமா?

கேள்வி: மரத்தில் செதுக்க ஒரு சிறிய சிஎன்சி (கணினி வழிநடத்தும்) இயந்திரம் செய்திருக்கிறேன். கட்டுப்படுத்த அர்டுய்னோ ஊனோ பலகை, அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), செதுக்கும் முனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குப் பழைய டிரெட்மில் மோட்டார். ஸ்பிண்டில் சுழன்றதும் லேப்டாப்புடன் தொடர்பு அறுந்துவிடுகிறது. இனி டிரெட்மில் மோட்டாரின் மின்சுற்றுப் பலகையையும் அர்டுய்னோவுடன் இணைத்து வேகத்தைக் கட்டுப்படுத்த நினைக்கிறேன். லேப்டாப்புக்கு ஆபத்து உண்டா?

பதில்: அந்த இணைப்பை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். டிரெட்மில் பலகைகள் பலவற்றில் மின்மாற்றி கிடையாது. மெயின்ஸின், அதாவது வீட்டு மின்சாரத்தின், 230 வோல்ட்டை நேரடியாக டிசியாக மாற்றி மோட்டாருக்குத் தருகின்றன. வேகக் கட்டுப்பாட்டு முனைகளின் கிரவுண்டும் (பூஜ்ய வோல்ட் முனை) மெயின்ஸோடு ஒட்டியே இருக்கும். அதை அர்டுய்னோவின் கிரவுண்டோடு சேர்த்தால், யூஎஸ்பி கேபிள் வழியாக மெயின்ஸ் லேப்டாப் வரை வந்துவிடும். லேப்டாப் போனால் வேறு வாங்கலாம், அதன் மேல் உங்கள் கை இருக்கிறதே! நடுவில் ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் சிறு பாகம்) கட்டாயம். அதன் இரு பக்கங்களுக்கும் தனித்தனி மின்வழங்கி வேண்டும். கிரவுண்டுகளை எங்கேனும் சேர்த்துவிட்டால் ஆப்டோகப்ளர் வைத்தும் பயனில்லை.

தொடர்பு அறுவது வேறு கதை. யூஎஸ்பி என்றால் எல்லோரும் 5 வோல்ட் கம்பியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் முதலில் சந்தேகிப்பது கிரவுண்ட் கம்பியை. மூன்று முள் சார்ஜர் பெரும்பாலும் லேப்டாப்பின் கிரவுண்டை எர்த்தோடு சேர்க்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸும் எர்த்தில் இருந்தால் ஒரு வளையம் உருவாகிவிடும். மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் பொறி பறக்கச் சுழலும்போது எழும் மின் இரைச்சல் இந்த வளையத்தில் ஓடி யூஎஸ்பியைக் குழப்புகிறது. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அறுவது நின்றால் வளையமே காரணம். நிற்காவிட்டால் மோட்டார் கம்பியை யூஎஸ்பி கேபிளிலிருந்து விலக்குங்கள். ஷீல்டு உள்ள குட்டை கேபிளும், கேபிளில் மாட்டி மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையமும் பயன்படுத்துங்கள்.

கிரவுண்ட் வளையத்துக்கு நல்ல தீர்வு யூஎஸ்பி ஐசோலேட்டர் (இரு பக்கங்களையும் மின்தொடர்பு இல்லாமல் பிரித்துத் தரவை மட்டும் கடத்தும் சாதனம்). அதில் பயன்படும் ஏடியுஎம்4160 சிப் வினாடிக்கு 12 மெகாபிட் வேகம் வரை தாங்கும். ஊனோவுக்கு அது போதும். இதன் மறுபக்கத்தில் கிடைக்கும் மின்சாரம் பல மலிவான பலகைகளில் 200 மில்லிஆம்பியர் அளவுதான், அதில் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) ஓட்டாதீர்கள். தனி மின்சாரம் பெறும் யூஎஸ்பி ஹப் போதுமே என்று சிலர் சொல்வார்கள். ஹப் கிரவுண்டைப் பிரிப்பதில்லை. ஐசோலேட்டர் இருக்கிறதே என்று டிரெட்மில் பலகையை நேரடியாகச் சேர்க்கவும் கூடாது. லேப்டாப் தப்பினாலும் அர்டுய்னோவில் நீங்கள் தொடும் ஒவ்வொரு முனையிலும் மெயின்ஸ் இருக்கும்.

ஊனோவுக்கு வெளி மின்சாரம் கொடுப்பதானால் உருளை ஜாக்கில் 7 முதல் 12 வோல்ட் வரை கொடுங்கள், 24 வோல்ட் ஒருபோதும் வேண்டாம். 5 வோல்ட் முனையில் நேரடியாகக் கொடுத்தால், மின்வழியைத் தானாக மாற்றும் சுற்றைத் தாண்டி மின்சாரம் லேப்டாப் பக்கம் திரும்பலாம்.

இயந்திரம் தினமும் ஓடப் போகிறதென்றால், பழைய கணினி ஒன்றையோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையோ அதனருகே நிரந்தரமாக வைத்து, கோப்புகளை வைஃபை வழியாக அனுப்புங்கள். லேப்டாப்பில் கேபிள் செருகவே வேண்டியிராது.