அல்சூரில் வடாம் போடலாமா?

ஏழு நாளும் மழை என்று செயலி காட்டுகிறது, மொட்டை மாடியில் வடாம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள் அக்கா. தாராளமாகப் போடுங்கள். பெங்களூரில் ஏப்ரல் மழை நாள் முழுக்கப் பெய்வது அரிது. காலை வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழும்பி, பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் இடிமேகம் திரளும்.

ஆறரைக்கே பிழிந்துவிடுங்கள். இரண்டு மணிக்குத் துணியோடு தூக்கி, உள்ளே விரித்து, ஃபேன் போடுங்கள். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உரிந்து வரும். போன வருடம் நான்கு மணி வரை விட்டுவைத்தேன். ஒரே அடியில் இரண்டு வேட்டி வடாமும் கூழாகிவிட்டது, மனசே ஆறவில்லை.

அப்புறம், மதியம் வானிலைத் துறையின் மூன்று மணி நேர எச்சரிக்கையைப் பாருங்கள். இடி கேட்டுவிட்டால் மட்டும் மாடிக்கு ஏறாதீர்கள், வடாம் போனால் போகட்டும்.